மரகதம் செட்டிங்

தம்பி, தம்பி, கொஞ்சம் நில்லுங்க. அதைத் தொடாதீங்க. பேனர் மெஷின்ல மத்த செட்டிங் எல்லாத்தையும் அழிச்சுக்கோங்க, புதுசாப் போட்டுக்கோங்க, அது உங்க வேலை, நான் குறுக்கே வரலை. கடைசியில மரகதம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது மட்டும் இருக்கட்டும்.

வைரஸா? நல்லாக் கேட்டீங்க. வைரஸ்தான். ஆனா கம்ப்யூட்டர்ல தானா வந்தது இல்ல. நானே பேர் வச்சு, நானே சேவ் பண்ணினது.

அந்த மை துப்புற பிரிண்ட் ஹெட்டு மருந்துல எவ்வளவு நேரம் ஊறணும்? ஒரு மணி நேரமா? அப்ப அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. மதுரையில இருந்து இந்த வெயில்ல பைக்குல வந்திருக்கீங்க. டீ சொல்றேன். அந்தப் பேர் ஏன் அங்க இருக்குன்னு தெரியாமப் போனீங்கன்னா, அடுத்த சர்வீஸுக்கு வரும்போது எல்லாத்தையும் டீஃபால்ட்டுல வைக்கிறேன்னு துடைச்சிட்டுப் போயிடுவீங்க. சொல்லிடுறது நல்லது.

மேல இருந்து வாங்க. முதல்ல "போன்". வாட்ஸ்அப்புக்கு, இன்ஸ்டாவுக்கு. அடுத்தது "நோட்டீஸ்". அப்புறம் "அஞ்சலி". அப்புறம் "கல்யாணம்". உங்களுக்குத் தெரியாதது இல்ல, இருந்தாலும் சொல்றேன். போன்ல தெரியிறது வெளிச்சம். பேனர்ல விழுறது மை. வெளிச்சத்தைக் கூட்டினா வெளுக்கும், மையைக் கூட்டினா இருட்டும். ஒரே படம்தான், போன்ல பௌர்ணமி மாதிரி இருக்கும், அதை அப்படியே மெஷின்ல விட்டா கிரகணம் பிடிச்ச மாதிரி வெளிய வரும். இங்க புதுசா கடை போட்டிருக்கிற பையன்களுக்கு இது புரியிறது இல்ல. போனுக்குப் பண்ணினதையே பேனருக்கும் அனுப்புறாங்க. மாப்பிள்ளையோட நீலச் சட்டை கத்தரிக்காய் நிறத்துல வந்து நிக்குது. "அக்கா, மெஷின் சரியில்ல"ங்கிறாங்க. மெஷினாம்!

அந்தக் "கல்யாணம்" இருக்கே, அது நான் வருஷக்கணக்கா உட்கார்ந்து தட்டித் தட்டிச் செஞ்சது. கறுப்பு மையைப் பாதியாக் குறைக்கணும். மஞ்சளை ஒரு தட்டு தட்டணும். மெஜந்தாவுல ஒரு சொட்டு விடணும். முகம் குளிச்சிட்டு வந்து பவுடர் போட்ட மாதிரி வரும். இந்த அருப்புக்கோட்டையில அதைப் போடாம நான் ஒரு கல்யாணப் பேனர் அடிச்சது இல்ல. ஒண்ணைத் தவிர.

யாரும் வாயைத் திறந்து "வெளுப்பாக்கு"ன்னு சொல்ல மாட்டாங்க தம்பி. "கொஞ்சம் பார்த்துப் பண்ணும்மா." அவ்வளவுதான் சொல்லுவாங்க. பார்த்துப் பண்ணுன்னா வெளுன்னு அர்த்தம். எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வர்றவங்களை விடுங்க. கண்ணீர் அஞ்சலிக்கு வருவாங்க, பிணம் இன்னும் வீட்டுல கிடக்கும், மூக்கைச் சிந்திக்கிட்டே சொல்லுவாங்க, "அப்பாவைக் கொஞ்சம் பார்த்துப் பண்ணும்மா." சுடுகாட்டுக்குப் போறவரைக் கூட வெளுத்துத்தான் அனுப்பணும். அனுப்புறேன். அதுக்குத்தான் "அஞ்சலி"ன்னு தனியா ஒண்ணு.

டீ வந்திடுச்சு, எடுத்துக்கோங்க. வடை சூடா இருக்கு.

எனக்கும் ஒருத்தர் அப்படிப் பார்த்துப் பண்ணினார். அங்கதான் கதையே ஆரம்பம்.

அப்ப எனக்கு இந்தக் கடையும் கிடையாது, மெஷினும் கிடையாது. காலேஜ் முடிச்சிட்டு வீட்டுல இருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க ஒரு படம் வேணும்னு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்கு அம்மா கூட்டிட்டுப் போனாங்க. ஸ்டுடியோக்காரர்கிட்ட அம்மா குரலைத் தாழ்த்தி அந்த வார்த்தையைச் சொன்னாங்க. "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்கண்ணே." அண்ணன் பண்ணினார். படம் கைக்கு வந்தப்ப, என்னைப் பார்த்து நானே மயங்கிட்டேன்னா பார்த்துக்கோங்க. பச்சைப் பட்டுப் புடவை, அதுல பால்கோவாவுல செஞ்ச மாதிரி ஒரு பொண்ணு.

அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் மரகதம் வீடு வந்தது. மரகதம், அவ புருஷன், மகன் சுரேந்திரன். புருஷன் பேரு வெள்ளைச்சாமி. சிரிக்காதீங்க, சத்தியமா அதான் பேரு. ஆளைப் பார்த்தீங்கன்னா அமாவாசை. அந்தக் குடும்பத்துல வெள்ளைன்னு இருந்தது அந்தப் பேர் ஒண்ணுதான், அதைவச்சே வீட்டைக் கட்டிக் காப்பாத்திட்டு இருந்தாங்க. மரகதம் மட்டும் கொஞ்சம் நிறம். கொஞ்சம்தான்.

நான் காபி கொண்டு போனேன். மத்தியானம். ஜன்னல் திறந்து இருந்தது. மரகதம் காபியை வாங்காம, "அந்த டியூப் லைட்டைப் போடுங்க"ன்னுச்சு. அம்மா ஓடிப்போய்ப் போட்டாங்க. மரகதம் படத்தைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு. அப்புறம் எழுந்து என் மணிக்கட்டைப் பிடிச்சது. "வாம்மா, வெளிச்சத்துக்கு வா."

வாசலுக்குக் கூட்டிட்டுப் போச்சு தம்பி. நல்ல வெயில். ஒரு கையில போட்டோ, ஒரு கையில என் தாடை. இப்படித் திருப்புச்சு, அப்படித் திருப்புச்சு. தெருவுல தண்ணி பிடிக்க நின்னவங்க எல்லாம் குடத்தைக் கீழ வச்சிட்டுப் பார்க்கிறாங்க.

நீங்க மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர், உங்களுக்கு இது தெரியும். பிரஸ்ஸுல பெரிய ஆர்டர் ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தாள் அடிச்சு, வாசலுக்குக் கொண்டு போய், பகல் வெளிச்சத்துல ஒரிஜினலோட பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க. டியூப் லைட்டை நம்ப மாட்டாங்க. ப்ரூஃப் பார்க்கிறதுன்னு பேரு. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைச்சது, அன்னைக்கு அந்த அம்மா என்னை ப்ரூஃப் பார்த்திருக்கு. ஒண்ணே ஒண்ணு மாறிப்போச்சு. நம்ம ஆளுங்க சரியில்லைன்னா தாளைத் தப்புன்னு சொல்லிக் கிழிச்சுப் போடுவாங்க. அந்த அம்மா ஒரிஜினலைத் தப்புன்னு சொல்லிடுச்சு.

"போட்டோவுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லையே. நாங்க கலரா எதிர்பார்த்துல்ல வந்தோம்." அப்படின்னுச்சு. சொல்லிட்டுப் போயிருந்தாக்கூட நான் மறந்திருப்பேன். போகலை. உள்ள வந்து உட்கார்ந்து, அம்மா வச்ச கேசரியைச் சாப்பிட்டுச்சு. சாப்பிட்டுக்கிட்டே புருஷன் காதுல சொல்ற மாதிரி, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுச்சு: "கேசரிக்குப் போட்ட கலர்ல பாதியைப் பிள்ளைக்குப் போட்டிருக்கலாம்." அந்த அமாவாசை வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சார். மகன் சிரிக்கலை. நிமிர்ந்தும் பார்க்கலை. ரெண்டாவது தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டான்.

 அவங்க போன பிறகு அம்மா அந்தக் கேசரிச் சட்டியைப் பின்னாடி கொண்டு போய்க் கவிழ்த்துட்டு, அப்படியே உட்கார்ந்துட்டாங்க. அதுக்கப்புறம் நான் யார் முன்னாலயும் தட்டு தூக்கி நிக்கலை. அந்தக் கலர் எங்க இருந்து என் முகத்துக்கு வந்தது, வாசல்ல எப்படிக் காணாமப் போச்சு, அதைத் தெரிஞ்சுக்கணும். அந்த ஒரு வெறியிலதான் அதே ஸ்டுடியோவுல வேலைக்குச் சேர்ந்தேன். இன்னைக்கு இந்த ஊர்ல நிறத்தைப் பத்தி என்னைவிடத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க.

நான் கோபக்காரி இல்ல தம்பி. அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க. பூங்கோதை அதிர்ந்து பேசினதுண்டான்னு கேளுங்க. ஒரு கணக்கை மனசுல போட்டு வைப்பேன். அது பாட்டுக்கு இருக்கும். அவ்வளவுதான்.

வருஷம் ஓடிச்சு. ஒருநாள் ஒருத்தர் வந்தார், கழுத்துல தடிச்ச செயின், கையில ரெண்டு போன். அக்கா மகனுக்குக் கல்யாணம், தாய்மாமன் நான், மண்டப வாசல்ல பெரிய பேனர் என் செலவுன்னார். சிங்கப்பூர்ல இருந்து வந்த ஆளு. மாப்பிள்ளை படத்தைக் காட்டினார். போனை வாங்கிப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். சுரேந்திரன். கன்னம் மட்டும் ஊதியிருந்தது. எத்தனை வீட்டுக் கேசரியோ!

"ப்ரூஃபை எங்க அக்காவுக்கு அனுப்பிடும்மா. அக்கா ஓகே சொன்னா ஓகே"ன்னு ஒரு நம்பர் கொடுத்தார். மரகதம் நம்பர். தெய்வம் இருக்குன்னு அன்னைக்குத்தான் நம்பினேன்.

பொண்ணு படத்தையும் அனுப்பினார். கமுதிப் பக்கத்துப் பிள்ளை, பேரு நாகஜோதி. படத்தைப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு. போன்ல இருக்கிற அழகு ஆப் போட்டு வழவழன்னு தேய்ச்ச முகம். மூக்கே இல்ல. காது ஓரத்துல, ஆப் தேய்க்க மறந்த இடத்துல, ஒரு துண்டு நிஜம் தெரிஞ்சது. என் நிறம் தம்பி. அச்சு அசல் என் நிறம். என்னை வேண்டாம்னு போட்டுட்டு, ஊரெல்லாம் சல்லடை போட்டுச் சலிச்சு, கடைசியில போட்டோவைப் பார்த்து ஏமாந்து என் நிறத்துலயே போய் விழுந்திருக்கு மரகதம். நேர்ல பார்க்கலையான்னு கேட்கிறீங்களா? பார்த்திருக்கும். பொண்ணு பக்கம் கெட்டியான இடம். அதுக்கு முன்னாடி கலரு என்ன கலரு!

பிள்ளைக்கு நானே போன் போட்டேன். "அம்மாடி, பேனர் அடிக்கிற அக்கா பேசுறேன். பிரிண்டுக்கு இந்த ஆப் போட்டோ சரிவராது, பன்னிரண்டு அடியில அடிச்சா புள்ளி புள்ளியா உடைஞ்சிடும். ஒரிஜினல் இருந்தா அனுப்பு." அது பொய் இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க, உடையுமா உடையாதா? அந்தப் பிள்ளை தயங்குச்சு. அப்புறம் அனுப்புச்சு. அனுப்பிட்டு எழுதியிருந்தா: "அக்கா, இதுல கறுப்பா இருக்கேன். கொஞ்சம் பார்த்துப் பண்ணிடுங்கக்கா."

நான் "பார்த்துக்கிறேன்மா"ன்னு போட்டேன்.

மரகதத்துக்கு அனுப்பின ப்ரூஃப்ல "போன்" செட்டிங். நிலாத் துண்டு. உடனே பதில் வந்தது: "ரொம்ப லட்சணமா இருக்கு. ஓகே." பக்கத்துல கும்பிடுற கை ரெண்டு.

மெஷினுக்கு "கல்யாணம்" போடலை. புதுசா ஒண்ணு திறந்தேன். எதையும் குறைக்காம, எதையும் தட்டாம, உள்ளது உள்ளபடி. அதுக்குத்தான் மரகதம்னு பேர் வச்சேன். எந்த மரகதம் என்னை வெளிச்சத்துக்கு வான்னு கூப்பிட்டுச்சோ, அந்த மரகதம் வீட்டை வெளிச்சத்துக்குக் கொண்டு வர்ற செட்டிங். ஒரு பொய் கிடையாது அதுல. நியாயமான செட்டிங்.

என்ன பார்க்கிறீங்க? அந்தக் கறுப்பு மை வரியா? ஆமா, கொஞ்சம் ஏத்தியிருக்கேன். அது வந்து... வெயில்ல நிக்கிற பேனர் இல்லையா? ரெண்டு நாள்ல வெளிறிடும்ல? அதுக்காக. இருபது சதவீதம்ங்கிறது ஒண்ணும் பெரிசு இல்ல. நீங்க இப்ப அதைப் பேசாதீங்க.

மாப்பிள்ளைக்கா? மாப்பிள்ளைக்கு "கல்யாணம்"தான். ரெண்டு பாதியையும் தனித்தனியா அடிச்சு ஒட்டினேன். பக்கத்துல ஒருத்தன் வெளுப்பா நின்னாத்தானே அடுத்தது எடுபடும்.

பேனர் கட்டுற அன்னைக்குச் சாயங்காலம் மண்டபத்துக்கு எதிர்ல டீக்கடையில போய் உட்கார்ந்தேன். வாழ்க்கையில சினிமாவுக்குக் கூட நான் அவ்வளவு ஆசையாப் போனதில்லை. மரகதம் கார்ல வந்து இறங்குச்சு. அரக்குப் பட்டு, கழுத்து நிறைய நகை. நாலு எட்டு வச்சிட்டு நிமிர்ந்து பார்த்துச்சு. நின்னுடுச்சு தம்பி! தேர் அச்சு முறிஞ்ச மாதிரி. பின்னாடி வந்த சொந்தக்காரம்மா ஒருத்தி கன்னத்துல கை வச்சுக்கிட்டு, "ஏத்தா மரகதம், பொண்ணு நிறம் மட்டோ? கறுப்புன்னாலும் களையாத்தான் இருக்கு"ன்னா. களையாம்! அந்த வார்த்தை எனக்குத் தேன் மாதிரி இறங்குச்சு. எனக்குச் சொன்ன வார்த்தை அது, எத்தனை பேர் சொல்லியிருக்காங்க. இப்ப மரகதம் கேட்குது.

அப்புறம் மரகதம் செஞ்சதைக் கேளுங்க. வாசல்ல கட்டியிருந்த வாழைமரத்தை அவிழ்த்து, நகர்த்திக் கட்டச் சொல்லுச்சு. குலையோட இருந்த மரம், நாலு பேர் தூக்கினாங்க. எங்க? பேனர்ல பொண்ணு முகத்துக்கு நேரா. மாப்பிள்ளை மட்டும் பளிச்சுன்னு நிக்கிறான், பக்கத்துல வாழை இலை. வாழைமரத்துக்குத் தாலி கட்டப் போறவன் மாதிரி இருந்தான். நான் டீயைச் சிந்திட்டேன், சிரிச்சுச் சிரிச்சு.

இருட்டுறதுக்கு முன்னாடி பொண்ணு வீட்டு வண்டி வந்தது. அந்தப் பிள்ளை இறங்கினா. பேனர்ல தன் பேர் இருக்கு, முகத்தைக் காணோம்னு கிட்டப் போனா. இலையைக் கையால ஒதுக்கிப் பார்த்தா. கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் இலையை விட்டுட்டு உள்ள போயிட்டா.

மேடையில ஏறினப்ப யாரோ அவசரமா முகத்துல மேக்கப்பை அப்பியிருந்தாங்க. முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம், கழுத்துல கோடு. மொய் வைக்கிற சாக்குல நானும் உள்ள போய்ப் பார்த்தேன். சகிக்கலை. இந்த ப்யூட்டி பார்லர்காரிகளுக்கு அடிப்படையே தெரியாது. கழுத்தோட சேர்த்துக் கலக்கணும். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல தம்பி. இதை முதல்லயே சொல்லியிருக்கணும். துளிகூட இல்ல.

சண்டைக்கு வருவாங்கன்னு தெரியும், காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மறுவீடு முடிஞ்ச கையோட மரகதம் வந்தது. கோயிலுக்குப் போயிட்டு வர்ற வழி, கூட மருமகள். இதோ, நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலதான் மரகதம் நின்னது. அந்தப் பிள்ளை கதவுகிட்ட.

"என்னம்மா தொழில் பண்ற? போன்ல ஒண்ணைக் காட்டிட்டு மண்டபத்துல ஒண்ணை மாட்டுற? என் மானமே போச்சு!"

நான் எழுந்திருக்கவே இல்ல. சுவத்துல போர்டைக் காட்டினேன். அந்த போர்டுதான், படிங்க. "திரையில் தெரியும் நிறமும் அச்சில் வரும் நிறமும் மாறுபடும்." காட்டிட்டு, எத்தனையோ வருஷமா வாய்க்குள்ளயே வச்சிருந்ததை எடுத்தேன்.

"ஏம்மா, போட்டோவுக்கும் பேனருக்கும் சம்பந்தம் இல்லையா? பேனருக்கும் பிள்ளைக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையா? வாசலுக்குக் கூட்டிட்டுப் போய் வெளிச்சத்துல பாருங்களேன். உங்களுக்குத்தான் அது பழக்கமாச்சே."

மரகதம் என்னைப் பார்த்துச்சு. "என்னம்மா உளர்ற?"

"என்னைத் தெரியலை?"

"தெரியலையே."

"பூங்கோதை."

"எந்தப் பூங்கோதை?"

"வடக்குத் தெரு. பச்சைப் பட்டு. வாசல்ல நிறுத்தித் தாடையைத் திருப்பிப் பார்த்தீங்களே. கேசரியில போட்ட கலரைப் பிள்ளைக்குப் போட்டிருக்கலாம்னு சொன்னீங்களே!"

கடைசி வார்த்தை சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உடைஞ்சிடுச்சு. மெஷின் ஓடிட்டு இருந்தது, அந்தச் சத்தத்துல கேட்டிருக்காது.

மரகதம் நெத்தியைச் சுருக்கி யோசிச்சுப் பார்த்துச்சு. நிஜமாவே யோசிச்சது. அதைத்தான் என்னால தாங்க முடியலை. நடிக்கலை. தேடிப் பார்க்குது, கிடைக்கலை. "எத்தனையோ வீடு பார்த்தோம்மா. எல்லா வீட்டுலயும் கேசரிதான் போட்டாங்க. சரி, வந்தோம்னே வச்சுக்கோ, அதுக்கும் பேனருக்கும் என்ன சம்பந்தம்?"

ஞாபகம் இல்லையாம்! நான் ஒரு நாள் மறந்தது இல்ல. சோத்துல கை வைக்கும்போது, பல் தேய்க்கும்போது... அந்த அம்மாவுக்கு நான் எத்தனையோ வீட்டுல ஒரு வீடு. பத்திரிகையில பேர் தப்பா அடிச்சாக்கூட மனுஷன் ஞாபகம் வச்சுக்குவான் தம்பி.

"இனி உன் கடைப் பக்கமே எங்க வீட்டு ஆள் வர மாட்டாங்க"ன்னு சொல்லிட்டு மரகதம் படியிறங்கிடுச்சு. அந்தப் பிள்ளை நாகஜோதி உடனே போகலை. கதவுகிட்டயே நின்னு என்னைப் பார்த்தா. அவளுக்குப் புரிஞ்சிடுச்சு. மாமியாருக்குப் புரியாதது மருமகளுக்குப் புரிஞ்சிடுச்சு. படிச்ச பிள்ளை.  ஒருவேளை நான் எழுதின "பார்த்துக்கிறேன்மா"வை நினைச்சாளோ என்னவோ. போயிட்டா.

இப்ப நீங்க நினைப்பீங்க, அதோட முடிஞ்சதுன்னு. எப்படி முடியும்? அடிபட்டவங்களுக்கு யார் அடிச்சாங்கன்னே தெரியலைன்னா அது அடியா? யாரோ தெருவுல போறவ தண்ணி தெளிச்ச மாதிரி துடைச்சிட்டுப் போயிடுச்சு மரகதம். நான் இன்னும் அந்த வாசல்லயேதான் நிக்கிறேன்.

ஆனா ஒண்ணு தம்பி. என் கடைப் பக்கம் வர மாட்டேன்னு சொல்லலாம். இந்த ஊர்ல எந்தக் கடையில கொடுத்தாலும் பிரிண்டுக்கு என் மெஷினுக்குத்தான் வந்தாகணும். சின்னக் கடைப் பையன்கள் டிசைன் பண்ணி பென் டிரைவுல கொண்டு வந்து கொடுப்பாங்க, நான் அடிச்சுக் கொடுப்பேன். நாலஞ்சு வருஷம் போச்சு. போன வாரம் ஒரு பையன் கொண்டு வந்தான். திறந்து பார்த்தேன். "அறுபதாம் கல்யாணம். வெள்ளைச்சாமி - மரகதம்."

ரெண்டு பேரும் மாலையோட. குடும்பமே சுத்தி நிக்குது. அன்னைக்கு ராத்திரி எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்தது.

அதனாலதான் உங்களை அவசரமா வரச் சொன்னேன். நாளைக்கு அதை அடிக்கணும்.

முந்தாநாள் அந்தப் பிள்ளை வந்தா. நாகஜோதி. தனியா, இடுப்புல கைக்குழந்தை. உட்காரும்மான்னேன், உட்காரலை.

"அக்கா, அறுபதாம் கல்யாணப் பேனர் உங்ககிட்டதான் வந்திருக்குன்னு சொன்னாங்க."

"ஆமா."

"அதுல என்னை எடுத்துடுங்கக்கா."

"ஏன்மா? நீ மூத்த மருமகள், நீ இல்லாமலா?"

"வேண்டாம்க்கா. வீட்டுல கேட்டா இடம் பத்தலைன்னு சொல்லிடுறேன்." குழந்தையை இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்தினா. "என்னை வீட்டுல என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமாக்கா? பேனரு. 'பேனரு, தண்ணி கொண்டா. பேனரு, குழந்தை அழுது பாரு.' கொழுந்தனார் பிள்ளைங்க 'பேனர் பெரியம்மா'ங்குது. அதுங்களுக்கு என் பேரே தெரியாது."

பார்த்தீங்களா தம்பி? எப்படிப்பட்ட குடும்பம் பாருங்க! கட்டிட்டு வந்த பொண்ணை இப்படியா கூப்பிடுவாங்க? கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் கொதிச்சது. "அந்த மரகதம்தானே ஆரம்பிச்சு வச்சது?"ன்னு கேட்டேன்.

"அத்தையும் கூப்பிட்டாங்க. இப்ப இல்ல. பிரசவத்துல எனக்கு ரொம்ப முடியாமப் போச்சு. அத்தைதான் ஆஸ்பத்திரியில பக்கத்துலயே கிடந்தாங்க. அதுக்கப்புறம் அவங்க கூப்பிடுறதில்ல. மத்தவங்க கூப்பிட்டாலும் திட்டுவாங்க."

வேஷம். நான் சொல்லலை, மனசுல நினைச்சுக்கிட்டேன். வேற ஒண்ணு கேட்டேன். கேட்காம இருக்க முடியலை. "என்னைப் பத்தி எப்பவாவது பேசுமா? ஞாபகம் வந்துச்சா அதுக்கு?"

அந்தப் பிள்ளை தலையாட்டினா. "இல்லக்கா. அத்தைக்கு உங்களை ஞாபகமே இல்ல. எனக்குத்தான் உங்களை மறக்க முடியலை."

நல்ல பிள்ளை தம்பி. ஒரே ஒரு தடவை போன்ல பேசினது, இத்தனை நாள் ஞாபகம் வச்சிருக்கா பாருங்க. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அவளுக்காகவாவது அந்த மரகதத்தை விடக்கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

அவ கேட்ட மாதிரி அவளை எடுத்துடலாம்னுதான் முதல்ல உட்கார்ந்தேன். பொய் சொல்லலை, நேத்து பகல் பூரா உட்கார்ந்தேன். அந்தப் பையன் எல்லாத்தையும் ஒட்டி ஒரே படமாக் கொடுத்திருக்கான், தனித்தனியா பிரிக்க முடியாது. இங்க வாங்க, பெரிசு பண்ணிக் காட்டுறேன். இது மரகதம். பின்னாடி இந்தப் பிள்ளை. அவ கை எங்க இருக்கு பாருங்க. மரகதத்தோட தோள்ல. அஞ்சு விரலும் பதிஞ்சு இருக்கு. சும்மா போட்டோவுக்கு வச்ச கை மாதிரியா இருக்கு? அழுத்திப் பிடிச்சிருக்கா. மரகதமும் தன் கையைத் தூக்கி அந்த விரல் மேல வச்சிருக்கு. பிள்ளையை எடுத்தேன்னா, அஞ்சு விரல் மட்டும் அந்தரத்துல மரகதம் தோள்ல நிக்கும். விரலையும் சேர்த்து வெட்டினா மரகதம் கை போயிடுது.

சரி, அவ இருக்கட்டும், மரகதத்தை மட்டும் தனியா இருட்டாக்கலாம்னு பார்த்தேன். அதுவும் ஆகலை. எது யார் விரல்னு எனக்கே தெரியலை தம்பி. ரெண்டும் ஒரே நிறத்துல இருக்கு. எத்தனை தடவை கோடு போட்டாலும் ஒருத்தி கை இன்னொருத்தி கைக்குள்ள போயிடுது. மரகதத்தை இருட்டாக்கினா இவளும் சேர்ந்துதான் இருட்டுவா.

என்ன கேட்டீங்க? விட்டுடலாமேன்னா?

விடுறதா? அந்தப் பிள்ளையை அவங்க படுத்துறபாட்டைக் கேட்ட பிறகுமா? இந்தத் தடவை கறுப்பை முப்பது வைக்கப் போறேன். மண்டப வாசல்ல நானே போய் நிக்கப் போறேன், மரகதம் இறங்குற இடத்துல, முகத்துக்கு நேரா. யாருன்னு அது கேட்கட்டும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருட்டா வரணும்னா, வரட்டும்.